கேமிங் கம்ப்யூட்டர் எத்தனை வருஷம் தாங்கும்? வடசென்னையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், திருவொற்றியூர் பக்கம் கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பதும் சர்வீஸ் பார்ப்பதும் என் தொழில். புது மெஷினைக் கையில் வாங்கும்போதும் சரி, சில வருடம் கழித்துச் சுத்தம் செய்யக் கொண்டு வரும்போதும் சரி, கேட்கிற சந்தேகங்கள் ஒன்றுதான். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை இங்கே வைத்திருக்கிறேன்.

இணையத்தில் இதற்குக் கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் ஏசி அறையும் நிலையான கரண்டும் உள்ளவர்களுக்காக எழுதியவை. நம் பக்கத்துக்கு உப்புக் காற்று, தூசு, வோல்டேஜ் மூன்றையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

அண்ணா, ரெண்டு லட்சம் போட்டு வாங்குறேன். எத்தனை வருஷம் வரும்?

முதல் மூன்று வருடம் எந்த கேம் வந்தாலும் செட்டிங்ஸை மேலேயே வைத்து ஆடலாம். நான்காவது, ஐந்தாவது வருடத்தில் புதிதாக வரும் பெரிய கேம்களுக்கு நிழல், ரே டிரேசிங் (ஒளி எப்படி விழும் என்று கணக்கிட்டு நிஜம் போல வரைவது) போன்றவற்றைக் குறைக்க வேண்டி வரும். ஆறிலிருந்து எட்டு வருடம் வரை மீடியத்தில் ஓடும். அதற்குப் பிறகு சில கேம்கள் திறக்கவே மறுக்கும். திரையில் படத்தை வரையும் கிராஃபிக்ஸ் கார்டை நடுவில் ஒரு முறை மாற்றினால் மொத்த மெஷினும் எட்டு, ஒன்பது வருடம் தாராளமாக வரும்.

இது கேம்கள் வைக்கும் கெடு. காற்றும் சூடும் கரண்டும் வைக்கும் கெடு வேறு. என் மேசைக்கு வரும் விலை உயர்ந்த மெஷின்களில் வேகம் போதாமல் வருபவை குறைவு. கவனிக்காமல் விட்டதால் வருபவைதான் அதிகம். கேம்கள் வைக்கும் கெடுவை நாம் மாற்ற முடியாது. மற்றது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. அதனால் பாதிப் பக்கத்தை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

ஹை எண்டுன்னா எதுண்ணா? கடையில காட்டுறது எல்லாத்தையும் ஹை எண்டுன்னுதான் சொல்றாங்க.

வாங்குகிற நாளில் சந்தையில் உள்ள கார்டு வரிசையில் மேலிருந்து இரண்டு, மூன்று படிக்குள் இருப்பது ஹை எண்டு. கார்டு சிப் செய்யும் என்விடியா கம்பெனியில் 80, 90 என்று முடியும் எண்கள் அந்தப் படியில் வரும். கலர் லைட், கண்ணாடிக் கேபினெட், தண்ணீர் கூலர் எதுவும் இந்தக் கணக்கில் வராது. பில்லில் கிராஃபிக்ஸ் கார்டின் விலையைப் பாருங்கள். மொத்தத் தொகையில் கிட்டத்தட்ட பாதி அதற்குப் போயிருந்தால் அது கேமிங்குக்காகச் சேர்த்த மெஷின். கால்வாசிதான் என்றால் மீதிப் பணம் எங்கே போனது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அஞ்சு வருஷம், எட்டு வருஷம்னு எதை வச்சு சொல்றீங்க?

கன்சோலை, அதாவது டிவியில் மாட்டி ஆடும் கேம் பெட்டியை வைத்து. பிளேஸ்டேஷன் 4 வந்தது 2013 நவம்பரில். பிளேஸ்டேஷன் 5 வந்தது 2020 நவம்பரில். நடுவில் ஏழு வருடம். பெரிய கேம் எடுப்பவர்கள் கன்சோலில் ஓடியே ஆக வேண்டும் என்று அளவெடுத்துத்தான் எடுக்கிறார்கள். உங்கள் மெஷின் அந்தக் கன்சோலைவிடத் தெளிவாக வலுவாக இருக்கும் வரை, கன்சோலுக்கு வரும் கேம் உங்களிடமும் ஓடும்.

அதனால் எந்த நேரத்தில் வாங்குகிறோம் என்பதும் முக்கியம். புது கன்சோல் வந்து ஓரிரு வருடத்தில் வாங்கிய மெஷினுக்கு நீண்ட நிம்மதி. கன்சோல் மாறப்போகிற சமயத்தில் வாங்கினால், அடுத்த கன்சோலுக்கென்றே எடுக்கும் கேம்கள் வர ஆரம்பித்ததும் சீக்கிரம் மூச்சு வாங்கும். அப்போதும் உடனே நடக்காது. புது கன்சோல் வந்த பிறகும் இரண்டு, மூன்று வருடம் பழையதுக்கும் சேர்த்தே கேம் விடுவார்கள்.

மெஷின்ல எது முதல்ல பழசாகும்?

கிராஃபிக்ஸ் கார்டு. நான்கு, ஐந்து வருடம். அடுத்தது ப்ராசசர், ஆறு, ஏழு வருடம். ரேம் கெட்டுப்போவது அபூர்வம், அளவு போதாமல் போவதுதான் வழக்கம். 2017இல் 16 ஜிபி தாராளம். இன்று 32 ஜிபி வைத்தால்தான் நிம்மதி. எஸ்எஸ்டி பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். 1 டிபி எஸ்எஸ்டிக்கு 600 டிபி எழுதும் வரை வாரண்டி என்பது சாதாரணமாகப் போடும் அளவு. 100 ஜிபி கேமை ஆறாயிரம் முறை இன்ஸ்டால் செய்தால்தான் அந்தக் கணக்கு தீரும். மெஷினுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ், நல்லதாக இருந்தால் அதற்குப் பத்து வருட வாரண்டியே தருகிறார்கள். மானிட்டரும் கேபினெட்டும் இரண்டு மெஷினைப் பார்த்துவிடும்.

கார்டுகளில் நீண்ட ஆயுசுக்கு எடுத்துக்காட்டு என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ. 2017 மார்ச்சில் 11 ஜிபி மெமரியோடு வந்தது. 2023 வாக்கில் கூட 1080பி (ஃபுல் ஹெச்டி) திரையில் பெரும்பாலான கேம்களை அது ஓட்டியது. அந்த 11 ஜிபி இல்லாமல் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்பது என் கருத்து.

ப்ராசசரில் ஒரு எச்சரிக்கை. இன்டெல் 13, 14ஆம் தலைமுறையின் பெரிய டெஸ்க்டாப் ப்ராசசர்கள் சிலவற்றில் வோல்டேஜ் அதிகமாகப் போய், நாளடைவில் நிலையில்லாமல் போகும் குறை 2024இல் வெளியே வந்தது. மைக்ரோகோட் (ப்ராசசருக்குள் ஓடும் மென்பொருள்) திருத்தம் வெளியிட்டார்கள், வாரண்டியையும் இரண்டு வருடம் கூட்டினார்கள். அந்த ப்ராசசர் வைத்திருந்தால் மதர்போர்டின் பயோஸை (மெஷினை எழுப்பும் மென்பொருளை) இன்றே அப்டேட் செய்யுங்கள். பழுதான பிறகு செய்தால் பழுது சரியாகாது.

8 ஜிபி கார்டே போதும்னு பிரெண்டு சொல்றான். நிஜமா?

ஹை எண்டு பணம் போடுகிறவருக்குப் போதாது. 2020 அக்டோபரில் ஆர்டிஎக்ஸ் 3070 வந்தபோது, முந்தைய தலைமுறையின் உச்சத்தில் இருந்த 2080 டிஐ-க்கு ஈடு என்று விற்றார்கள். வேகத்தில் ஈடுதான். ஆனால் 2080 டிஐ-யில் 11 ஜிபி, 3070-இல் 8 ஜிபி. சில வருடத்தில் டெக்ஸ்சர் (சுவர், தரை போன்றவற்றின் மேல் ஒட்டும் படங்கள்) கனமான கேம்கள் வந்ததும் வித்தியாசம் தெரிந்தது. மெமரி நிறைந்தால் எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற கணக்கு) மெதுவாகக் குறையாது. நன்றாக ஓடிக்கொண்டே இருந்துவிட்டு, திரும்பும்போது வெட்டி வெட்டி நிற்கும். அல்லது சுவர், தரை எல்லாம் மங்கலாகவே இருந்து தாமதமாகத் தெளியும்.

மெமரியைப் பின்னால் கூட்ட முடியாது, கார்டோடு ஒட்டியே வருகிறது. 1080பி-க்கு அடுத்த பெரிய அளவான 1440பி-க்கு 12 ஜிபி குறைந்தபட்சம். ஐந்து வருடம் யோசிக்கிறீர்கள் என்றால் 16 ஜிபி.

பழசாயிடுச்சுன்னு எப்படித் தெரியும்? திடீர்னு ஒரு நாள் நின்னுடுமா?

வேகம் மெதுவாகத்தான் குறையும், செட்டிங்ஸைக் குறைத்துச் சமாளிக்கலாம். மெமரி போதாமல் போவதை முந்தைய பதிலில் சொன்னேன். அந்த இரண்டுக்கும் வழி உண்டு. வழியே இல்லாதது, கார்டில் ஒரு வசதியே இல்லை என்று கேம் மறுப்பது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேமும் 2025 மேயில் வந்த டூம் தி டார்க் ஏஜஸ் கேமும் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாத கார்டில் ஓடாது. 1080 டிஐ எவ்வளவு வேகமாக இருந்தாலும் அங்கே நின்றுவிட்டது.

கார்டை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளான டிரைவர் பக்கமும் பாருங்கள். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்குப் புது கேம்களுக்கான டிரைவர் 2025 அக்டோபரோடு முடிந்தது. பாதுகாப்புத் திருத்தம் மட்டும் 2028 அக்டோபர் வரை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதே 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11 கேட்பது இன்டெல் 8ஆம் தலைமுறை அல்லது ரைசன் 2000 வரிசையிலிருந்து. 2017 தொடக்கத்தில் பெரிய விலைக்கு ஐ7 7700கே வாங்கியவர்களின் ப்ராசசர் அந்தப் பட்டியலில் இல்லை. நல்ல வேகத்தில் ஓடிக்கொண்டிருந்த மெஷின் இப்படி எட்டரை வருடத்தில் பட்டியலால் ஓய்வு பெற்றது.

நான் வேலரண்ட், சிஎஸ் மட்டும்தான் ஆடுவேன். எனக்கும் இதே கணக்கா?

இல்லை. உங்களுக்கு எட்டு, பத்து வருடம் வரும். அந்த கேம்களை எல்லோரிடமும் ஓட வேண்டும் என்றே லேசாகச் செய்கிறார்கள். 2023 செப்டம்பரில் சிஎஸ் 2 (கவுண்டர் ஸ்ட்ரைக் 2) வந்தபோது பழைய மெஷின்கள் கொஞ்சம் திணறியது உண்மைதான், ஆனால் அப்படிப்பட்ட மாற்றம் பல வருடத்துக்கு ஒரு முறை. உங்கள் பணத்தை ப்ராசசரிலும் 240 ஹெர்ட்ஸ் மானிட்டரிலும் போடுங்கள். இரண்டு லட்சம் தேவையே இல்லை.

4கே மானிட்டர் வாங்கிட்டா ஆயுசு குறையும்ங்கிறாங்களே?

குறையும். 1080பி-யில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 1440பி-யில் சுமார் 37 லட்சம். 4கே-யில் சுமார் 83 லட்சம். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் அத்தனையையும் கார்டு வரைய வேண்டும். ஒரே கார்டு 1440பி-யில் ஐந்து வருடம் திருப்தியாக ஓடினால் 4கே-யில் மூன்றாவது வருடமே செட்டிங்ஸில் கை வைக்க வேண்டியிருக்கும். மேசையில் உட்கார்ந்து பார்க்கும் 27 அங்குலத்துக்கு 1440பி போதும் என்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்வது.

டிஎல்எஸ்எஸ் இருக்கே, அதைப் போட்டு ஓட்டிட்டா பழைய கார்டே போதாதா?

நிறையவே உதவும். குறைந்த புள்ளிகளில் வரைந்து, பெரிய திரைக்கு நிரப்பிக் கொடுக்கும் என்விடியாவின் வித்தை அது. 2018இல் வந்த ஆர்டிஎக்ஸ் 20 வரிசைக்குக் கூட 2025இல் வந்த டிஎல்எஸ்எஸ் 4-இன் புது அப்ஸ்கேலிங் கிடைத்தது. ஏழு வருடப் பழைய கார்டில் படம் முன்பைவிடத் தெளிவாக வந்தது. முன்பெல்லாம் கார்டுக்கு இப்படி இரண்டாவது ஆயுசு கிடைத்ததில்லை.

ஃபிரேம் ஜெனரேஷன் வேறு, அது நடுநடுவே படங்களைத் தானே உண்டாக்கிச் சேர்ப்பது. என்விடியாவுடையது 40 வரிசையிலிருந்துதான். அதையும் ஏற்கனவே 60 எஃப்பிஎஸ் பக்கம் ஓடும் கேமுக்குத்தான் போட வேண்டும். 25இல் திணறுவதை 50 என்று காட்டும், ஆனால் மவுஸை நகர்த்தினால் கை சொல்வது ஒன்று, திரை காட்டுவது ஒன்றாக இருக்கும். டிஎல்எஸ்எஸ்ஸை நம்பி 8 ஜிபி கார்டு வாங்கவும் கூடாது. மெமரிப் பிரச்சினை அதில் முழுக்கத் தீராது.

எங்க வீடு காசிமேடு. கடல் காத்துல எல்லாம் சீக்கிரம் போயிடும்னு சொல்றாங்க. என்ன பண்றது?

உங்கள் கேபினெட்டைத் திருப்பி, கிராஃபிக்ஸ் கார்டின் ஹெச்டிஎம்ஐ வாயையும் அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூக்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்க்ரூ தலையில் பழுப்பு, தகட்டில் வெள்ளைப் பொடி போலப் பூத்திருந்தால் உப்பு உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் கடலோரத் தெருக்களில் இரண்டு வருட மெஷினிலேயே இதைப் பார்க்கிறேன். உப்பு காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்தில் தாமிரம் பச்சை பூக்கும், கனெக்டர் பின்கள் கறுக்கும், நுண்ணிய இடைவெளிகளில் கரண்டு கசியும். ரேம், கார்டு ஆகியவற்றின் விளிம்பில் தங்கமுலாம் இருப்பதால் அவை கொஞ்சம் தாங்கும். எஸ்எம்பிஎஸ் உள்பக்கம், ஃபேன் பேரிங், கேபினெட் முன் யுஎஸ்பி ஆகியவைதான் முதலில் விழும்.

கோடையில் மதியத்துக்கு மேல் கடற்காற்று உள்ளே வரும், அந்த நேரம் கிழக்கு ஜன்னலைச் சாத்துங்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நாள் முழுக்க அந்தப் பக்கத்திலிருந்துதான் காற்று. ஜன்னலுக்கு நேராக மெஷினை வைக்கவே கூடாது. தினமும் ஒரு மணி நேரமாவது ஓடட்டும், உள்ளே வரும் சூட்டில் ஈரம் தங்காது. பரீட்சைக்காக இரண்டு மாதம் மூடி வைத்த மெஷின்தான் திறக்கும் அன்று ஆன் ஆகாது. ஊருக்குப் போவதாக இருந்தால் சிலிகா ஜெல் பொட்டலங்கள் போட்டுப் பெரிய பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டுப் போங்கள்.

வருடம் ஒரு முறை ரேமையும் கார்டையும் கழற்றி, விளிம்பை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சில் துடைக்க வேண்டும். ரப்பர் போட்டுத் தேய்க்கும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள். அதன் துகள் ஸ்லாட்டில் மாட்டும், தங்கமுலாமும் தேயும்.

நாங்க எண்ணூர் பக்கம். தெனமும் தொடச்சாலும் கறுப்பா தூசு படியுது. வருஷத்துக்கு ஒரு தடவை சர்வீஸ் போதுமா?

போதாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை. அனல் மின் நிலையச் சாம்பலும் நிலக்கரித் தூசும் கண்டெய்னர் லாரிப் புழுதியும் சேர்ந்த பக்கம் அது. அந்தப் பொடி மிக மெல்லியது, கேபினெட் வலையில் நிற்காமல் சூட்டை இறக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவில் போய்ப் படியும். கடல் ஈரமும் சேர்ந்தால் கம்பளிபோல் ஒட்டிக்கொள்ளும், பிறகு ஊதினாலும் வராது.

ப்ளோயரை எடுத்து ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். காற்றில் அது கண்டபடி சுற்றினால் பேரிங் போகும். வீட்டுக்குள் ஊதாதீர்கள், மாடிக்கு எடுத்துப் போங்கள். அப்புறம், முன்பக்கம் உள்ளிழுக்கும் ஃபேன் மூன்று, பின்பக்கம் வெளித்தள்ளும் ஃபேன் ஒன்று என்று வைத்தால் சந்து பொந்து வழியாகத் தூசு உள்ளே வருவது குறையும்.

மே மாசம் ஏசி இல்லாத ரூம்ல ஆடலாமா? ஷீட் போட்ட மாடி ரூம்ணா.

ஆடலாம், பகல் பன்னிரண்டிலிருந்து நாலு வரை வேண்டாம். அறை பத்து டிகிரி ஏறினால் கேபினெட் உள்ளேயும் பத்து டிகிரி ஏறும். கத்திரி வெயிலில் ஷீட் கூரைக்குக் கீழே அறையே நாற்பதைத் தொடும்போது, ஃபேன் இழுப்பதே சூடான காற்று. கார்டு தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும். உடனே எதுவும் கெடாது. ஆனால் எஸ்எம்பிஎஸ்ஸில் உள்ள எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களுக்குப் பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் எல்லோரும் சொல்லும் கணக்கு.

இதற்குச் செலவில்லாத மருந்து, கார்டின் பவர் லிமிட்டை 75, 80 சதவீதத்துக்கு இறக்குவது. எஃப்பிஎஸ் கொஞ்சம்தான் குறையும், சூடு நன்றாக இறங்கும். ஆர்டிஎக்ஸ் 5090 முழு வேகத்தில் 575 வாட் இழுக்கும். அவ்வளவும் கடைசியில் சூடாக அந்த அறைக்குள்தான் வரும். ப்ராசசர் மேல் சூட்டைக் கடத்தத் தடவும் பேஸ்ட்டை மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். ப்ராசசரைக் குளிர்விக்க நம் ஊருக்கு ஃபேன் வைத்த நல்ல ஏர் கூலரே என் தேர்வு. அதில் கெட்டுப்போவது ஃபேன் மட்டும், சில நூறு ரூபாயில் முடியும். தண்ணீர் கூலரில் பம்ப் நின்றால் முழுசும் மாற்ற வேண்டும்.

கரண்டு போய்ப் போய் வருது. வீட்ல இன்வெர்ட்டர் இருக்கு, யுபிஎஸ் தனியா எதுக்கு?

போவதைவிட திரும்பி வருகிற நொடிதான் ஆபத்து. வரும்போது வோல்டேஜ் எகிறும், இறங்கும், சில சமயம் இரண்டு மூன்று முறை வெட்டும். இன்வெர்ட்டருக்கு மாற எடுக்கும் நேரம் ஃபேனுக்கும் லைட்டுக்கும் போதும், கம்ப்யூட்டர் அதற்குள் அணைந்துவிடலாம். பின்பக்கம் ‘யுபிஎஸ் மோட்’ என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள், சீக்கிரம் மாறும். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருந்தால் கேமிங் மெஷினை அதில் மாட்டவே வேண்டாம். இப்போதைய நல்ல எஸ்எம்பிஎஸ்களுக்கு வீட்டுக் கரண்டு போலவே சீராக வரும் சைன் வேவ்தான் ஒத்துப்போகும்.

கடையில் 600 விஏ யுபிஎஸ்ஸைத் தூக்கிக் கொடுப்பார்கள். அதன் நிஜமான அளவு 360 வாட். ஹை எண்டு கார்டு ஒன்றே அதைத் தாண்டும், கரண்டு போன அந்த நொடியில் யுபிஎஸ் கூவிவிட்டு அணையும். வாட் எவ்வளவு என்று கேட்டு, மெஷின் இழுப்பதைவிட ஒன்றேகால் மடங்காவது வாங்குங்கள். பேட்டரி இரண்டு, மூன்று வருடத்தில் மாற்ற வேண்டும், அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. கேபினெட்டைத் தொட்டால் விரலில் சுறுசுறு என்கிறதா? வீட்டில் எர்த் சரியில்லை. வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. இரண்டு லட்சம் மெஷினுக்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அதைப் பார்த்துவிடுங்கள். சர்ஜ் புரொடெக்டர் கூட எர்த் இல்லாமல் முழுசாக வேலை செய்யாது.

மழைத்தண்ணி வீட்டுக்குள்ள வந்து சிபியூ நனைஞ்சிடுச்சு. அவ்வளவுதானா?

ஆன் செய்யாமல் இருந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஒரு முறை போட்டுப் பார்ப்போம் என்பதில்தான் பல மெஷின்கள் போயின. பிளக்கைப் பிடுங்கி, மதர்போர்டில் உள்ள காசு மாதிரியான பேட்டரியையும் எடுத்துவிட்டு உடனே சர்வீஸுக்குக் கொண்டு போங்கள். நம் பக்க வெள்ளம் வெறும் மழைத்தண்ணீர் கிடையாது, சாக்கடையும் சேர்ந்தே வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர் பக்கம் எண்ணெயும் கலந்து வந்தது. அது காய்ந்தாலும் படிவு நிற்கும், உப்புக்குச் சொன்ன அதே அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். போர்டைக் கழுவி எடுக்க வேண்டும். நனைந்த எஸ்எம்பிஎஸ்ஸைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

தரைத்தளத்தில் இருப்பவர்கள் அக்டோபர் வந்ததும் மெஷினை மேசை மேல் ஏற்றிவிடுங்கள்.

எல்லாத்தையும் ஒரேடியா டாப்பா வாங்குறதா, நடுவுல வாங்கிட்டு அப்புறம் மாத்துறதா?

உச்சிக்கு ஒரு படி கீழே வாங்கி, நான்காவது வருடம் கார்டை மட்டும் மாற்றுவதுதான் என் முடிவான கருத்து. உச்சியில் உள்ள கார்டுக்கும் அதற்கு அடுத்ததற்கும் விலை வித்தியாசம் பெரியது. அந்தப் பணம் உங்களுக்கு அதிகமாகத் தருவது ஒன்றிரண்டு வருடம். அதே பணத்தில் நல்ல எஸ்எம்பிஎஸ், சைன் வேவ் யுபிஎஸ் இரண்டும் வாங்கிவிட்டு மீதியை அடுத்த கார்டுக்கு எடுத்து வைக்கலாம்.

இதற்கு மதர்போர்டு ஒத்துழைக்க வேண்டும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டை (போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம்) பாருங்கள். 2017இல் முதல் ரைசனோடு வாங்கிய போர்டுகள் பலவற்றில், பயோஸ் அப்டேட் செய்து, 2022இல் வந்த ரைசன் 5800எக்ஸ்3டி ப்ராசசரை மாட்ட முடிந்தது. போர்டு, ரேம் எதையும் மாற்றாமல் கேமிங் வேகம் பெருமளவு கூடியது. இப்போதைய ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்டெல் போர்டு வாங்கினால் அதே சாக்கெட்டில் அடுத்த தலைமுறை வருமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கார்டு மட்டும் மாத்தினா போதுமா? பழைய ப்ராசசர் இழுத்துப் பிடிக்காதா?

நீங்களே பார்க்கலாம். கேம் ஓடும்போது திரை ஓரத்தில் கார்டு பயன்பாட்டைக் காட்டச் சொல்லுங்கள். 95 சதவீதத்துக்கு மேல் நின்றால் கார்டுதான் திணறுகிறது, அதை மாற்றினால் பலன் உண்டு. 60, 70இல் நின்று எஃப்பிஎஸ்ஸும் குறைவாக இருந்தால் ப்ராசசர்தான் தடை. அப்போது புது கார்டு போட்டாலும் எண் அசையாது. பார்க்கும் முன் எஃப்பிஎஸ் லிமிட்டையும் விசிங்க்கையும் (திரையின் வேகத்துக்குள் கட்டிப்போடும் செட்டிங்) எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தப்பாகக் காட்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸையும் பாருங்கள். 1080 டிஐ 250 வாட், ஆர்டிஎக்ஸ் 4090 450 வாட். புது கார்டுகளின் 16 பின் கனெக்டரைக் கடைசி வரை அழுத்திச் செருக வேண்டும். பாதி செருகி நின்று உருகிப்போன கனெக்டர்கள் உலகம் முழுக்கப் பேசப்பட்டவை.

தம்பி, பையன் படிப்புக்கும் ஆகும்னு சொல்லித்தான் கேக்குறான். ரெண்டு வருஷத்துல திரும்ப காசு கேப்பானா?

கேட்கத் தேவை வராதும்மா. படிப்பு, புரோகிராமிங், வீடியோ எடிட்டிங் எல்லாவற்றுக்கும் இந்த மெஷின் எட்டு வருடம் தாராளமாகப் போதும். நான்கு வருடம் கழித்து கார்டு மாற்ற வேண்டும் என்று கேட்டால் அது கேமுக்காக. அப்போது பழைய கார்டை விற்று வரும் காசு போக மீதியை அவனே சம்பாதித்துப் போடட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது யுபிஎஸ் இருக்கிறதா, பில் பத்திரமாக இருக்கிறதா என்பதுதான். வாரண்டிக்கு அந்தப் பில்லும் பெட்டியில் உள்ள சீரியல் நம்பரும் வேண்டும்.

ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட்ஸ் கார்டு பாதி விலைக்கு வருது. எடுக்கலாமா?

வாரண்டி மீதம் இருந்தால், பில் கையில் கொடுத்தால், உங்கள் கண் முன் அரை மணி நேரம் கேமோ டெஸ்டோ ஓட்டிக் காட்டினால் எடுக்கலாம். ஹெச்டிஎம்ஐ வாயில் உப்பு பூத்திருக்கிறதா என்று முன்னால் சொன்ன மாதிரி பாருங்கள். பேக் பிளேட் ஸ்க்ரூக்களில் கீறல் இருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள், எதற்கு என்று கேளுங்கள்.

இப்ப ரேம் விலை கண்டபடி ஏறிடுச்சு. காத்திருக்கலாமா?

2025 கடைசியிலிருந்து ஏறிய விலை இது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி சிப்புகள் போவதால் நமக்கு வருவது குறைந்துவிட்டது. கையில் உள்ள மெஷின் ஓடுகிறது என்றால் ரேம், எஸ்எஸ்டி இரண்டையும் தள்ளிப்போடுங்கள். புதிதாகவே சேர்ப்பவர்கள் இப்போதைக்கு 16 ஜிபி ஒரே குச்சியாக எடுத்து, பின்னால் அதே மாடலில் இன்னொன்று சேர்க்கலாம். ஒரு குச்சியில் வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் இரண்டு 8 ஜிபி வாங்கிவிட்டுப் பிறகு இரண்டையும் கழற்றி வைப்பதைவிட நல்லது. டிடிஆர்4 ரேம் டிடிஆர்5 போர்டில் ஏறாது என்பதையும் மனதில் வையுங்கள்.

ஆறு வருஷ மெஷின்ணா. இதுக்கே செலவு பண்றதா, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குறதா?

மூன்று விஷயம் கேட்பேன். ப்ராசசர் விண்டோஸ் 11 பட்டியலில் இருக்கிறதா? அதே சாக்கெட்டில் இன்னும் பெரிய ப்ராசசர் கிடைக்கிறதா? மதர்போர்டிலும் எஸ்எம்பிஎஸ்ஸிலும் பச்சையோ பழுப்போ பூத்திருக்கிறதா? பட்டியலில் இருந்து, அரிப்பும் இல்லை என்றால் கார்டை மாற்றுங்கள், மூன்று வருடம் ஓடும். சாக்கெட்டிலும் வழி இருந்தால் இன்னும் கொஞ்சம் கூட. அரிப்பு மதர்போர்டுக்கு வந்துவிட்டால் அதில் புது கார்டை மாட்டச் சொல்ல மாட்டேன். இன்று ஓடும், ஒரு நாள் போர்டு போகும்போது கார்டையும் கூட்டிக்கொண்டு போகலாம்.

புதிதுதான் என்று முடிவானாலும் எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டாம். மானிட்டர், கேபினெட், எஸ்எஸ்டி, கீபோர்டு புதுசுக்கு வரும். எஸ்எம்பிஎஸ் வாரண்டிக்குள் இருந்து, வாட்டும் போதுமானால் அதுவும் வரும். மாற்ற வேண்டியது ப்ராசசர், போர்டு, ரேம், கார்டு நான்கும்தான். பழைய போர்டும் ப்ராசசரும் ஓடும் நிலையில் இருக்கும்போதே சேர்த்து விற்றுவிடுங்கள், ஸ்கூல் பிள்ளைகளுக்கு அசெம்பிள் செய்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள். ஓடாமல் போனதைக் குப்பையில் போடாதீர்கள். கொடுங்கையூர் கிடங்கில் அது எரிந்தால் அந்தப் புகையும் நமக்குத்தான். இ-வேஸ்ட் எடுப்பவர்களிடம் கொடுங்கள்.